குளத்து மீனும் என் பாம்புகளும்

மீனைப் பற்றி என்னிடம் யாரும் வாய் காட்ட முடியாது. பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் ஒரு தமிழ்க்கடையின் அந்தத்தில், குளிர்ப்பெட்டிகளுக்குப் பின்னால், மீன் வெட்டுகிற மேசை என்னுடையது. இருபத்திரண்டு வருடங்களாக அங்கேதான் நிற்கிறேன். உறைந்து கல்லாகி வருகிற மீனின் தோலைப் பார்த்தே, பிடித்த அன்றைக்கு ஐஸில் போட்டதா, இரண்டு நாள் இழுபட்டுப் பிறகு போட்டதா என்று சொல்லிவிடுவேன். சனிக்கிழமைகளில் வரிசையில் நிற்கிற பெண்கள் இன்ன மீன் தாருங்கள் என்று கேட்பதில்லை. "அண்ணை, நாளைக்குக் குழம்புக்கு என்ன கொண்டு போகலாம்?" என்றுதான் கேட்பார்கள். நான் சொன்னதை வாங்கிக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தலைக்கனம்தான் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பாம்பைக் கொல்லப் பார்த்தது.

ஆம், பாம்புதான். கடை இருக்கிற அதே லாச்சப்பல் பகுதியில் நாலாம் மாடியில், மகள் வேலை கிடைத்து லியோனுக்குப் போனபின் சும்மா கிடந்த அறையில், நான் பாம்பு வளர்க்கிறேன். கார்ட்டர் பாம்பு என்று பெயர். வட அமெரிக்காவில் குளத்தங்கரை, வாய்க்காலங்கரைகளில் திரிகிற இனம். கறுத்த உடம்பில் தலையிலிருந்து வால்வரை மூன்று மஞ்சள் கோடுகள் ஓடும். பெண் பாம்பு என் கை நீளத்தைவிடச் சற்றுக் கூட இருக்கும், ஆண் அதைவிடச் சின்னது. மனிதரைக் கொல்கிற விஷம் கிடையாது. பயந்தால் கடிப்பதைவிட நாற்றத்தை விடுவதுதான் அதிகம். அந்த நாற்றம் சேர்ட்டில் பட்டால் இரண்டு தோய்ச்சலுக்கும் போகாது. இன்னொன்று, இது முட்டை இடுவதில்லை. குட்டி போடும்.

முதலில் கண்டது பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய் என்ற ஊரில். மனைவியின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை விழா. கோயில் முடிந்து, தோட்டத்தில் கதிரைகள் போட்டு நாற்பது ஐம்பது பேர் தட்டும் கையுமாக இருந்த நேரம். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுப் பெண் மதிலுக்கு அந்தப்புறம் தன் பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்டுவிட்டார். பிறகு கேட்கவா வேண்டும். பட்டுச்சேலைகளும் கோட்டுகளும் ஒரே கதவால் உள்ளே போகப் பார்த்தன. தோட்டத்தில் மிஞ்சியது நானும் கோழிப்பொரியலும்தான்.

நான் ஏன் ஓடவில்லை என்று மனைவி இன்றைக்கும் கேட்பாள். எனக்குத் தெரிந்த மறுமொழி ஒன்றுதான். நாள் முழுக்கச் செத்த உடம்புகளைக் கையில் பிடிக்கிறவன் நான். அந்தப் பெண் மதிலுக்கு மேலால் நீட்டியபோது, செதிள் உள்ள ஒரு உடம்பு முதல்தடவையாக என் கைக்குள் அசைந்தது. ஒன்றை நான் வெட்டுவதற்காக அல்லாமல் பிடித்திருந்தேன். அவ்வளவுதான். அன்றைக்கே மனம் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பிரெஞ்சுப் பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நகரசபையில் வேலை, தனியாள். வீட்டின் கீழறை முழுக்கக் கார்ட்டர் பாம்புகள். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்லசார் ஸ்டேசனிலிருந்து ரயிலேறிப் போய், அவள் பெட்டி துப்புரவாக்குவதையும் தீனி வைப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருடம் இப்படிப் போனபின், ஜூன் மாதத்தில் ஒரு சோடியைத் தந்தாள். ஒரு கடதாசியில் எல்லாவற்றையும் எழுதியும் தந்தாள். வெளிச்சம் எத்தனை மணித்தியாலம், சூடு எத்தனை பாகை, தீனி என்ன. தீனி என்ற இடத்தில் இரண்டு சொல்தான் இருந்தன. மண்புழு, த்ருயித். த்ருயித் என்பது இங்கே ஆறுகளிலும் வளர்ப்புக் குளங்களிலும் கிடைக்கிற மீன்.

சோடியைப் பெட்டியோடு மேசையில் வைத்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். அவள் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். எதற்கும் இலகுவில் முகம் மாறமாட்டாள். அன்றைக்கு மாறியது.

"மாதா காலுக்குக் கீழை மிதிச்சு வச்சிருக்கிறதை நீங்கள் மேசைக்கு மேலை ஏத்தி வச்சிருக்கிறியள்," என்றாள்.

"இது அந்தப் பாம்பில்லை," என்றேன்.

"அந்தப் பாம்பு இந்தப் பாம்பெண்டு எனக்குத் தெரியாது. இந்த அறைக்கதவு எப்பவும் பூட்டிக் கிடக்கவேணும். நான் உள்ளுக்கு வரமாட்டன். ஒண்டு வெளியிலை வந்துதெண்டால் நான் மகளிட்டைப் போயிடுவன். உங்களுக்கு விசர்தான்."

மகளுக்குப் போன் எடுத்து முறைப்பாடு சொன்னாள். மகள், "பப்பா, தே ஃபூ" என்று சிரித்தாள். அதற்கும் அர்த்தம் பைத்தியம், விசர்தான். தாயும் மகளும் இரண்டு பாஷையில் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

என் விசர் சும்மா இரண்டு பாம்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல. குட்டி எடுப்பது. ஆர்ஜொந்தெய்க்காரி தெளிவாகச் சொல்லியிருந்தாள், வளர்ப்பது ஒரு வேலை, குட்டி எடுப்பது வேறு வேலை, குளிர்காலத்தைச் சரியாகக் கொடுக்கத் தெரியாதவர்களுக்கு அது நடக்காது என்று. நடத்திக் காட்டுகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் தீனி விஷயத்தில் முதல் நாளே நான் அவளுடைய கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. கடற்கரைச் சனங்களுக்குக் குளத்து மீனும் ஆற்று மீனும் மீன் கணக்கிலேயே வராது. யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போவார்கள். சேற்று மணம், உப்பேறாத தசை, வாயில் வைக்க ஏலாது என்பார்கள். அந்த மீனை யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்து வெட்டித் தரச் சொன்னால்கூட எனக்கு முகம் சுளிக்கும். அதைப்போய் என் வீட்டுக்கு வந்த சீவனுக்குக் கொடுப்பதா? அதுவும், மீனென்றால் தட்டில் எலுமிச்சைத் துண்டோடு வருகிற ஒரு வெள்ளைத்துண்டு என்று நினைக்கிற ஊரில், எனக்கு மீன் சொல்லித்தருவதா?

நான் நெத்தலி கொடுத்தேன். முதல் தரமானது. விரல் நீளம், மெல்லிய முள், வெட்டவே தேவையில்லை. ஒரு கிழமை நெத்தலி, மறுகிழமை சூடை. கடையில் வந்து இறங்குகிற பெட்டிகளில் நல்லதைத் தெரிந்து, வீட்டில் தண்ணீரில் இளக வைத்து, ஈரம் துடைத்து, இடுக்கியால் பிடித்து நீட்டுவேன். தண்ணீருக்குள் போடுகிற கல்லைப்போல தலை விசுக்கென்று வரும். பெண் பாம்பு தலையிலிருந்து விழுங்கும், ஆண் பாம்பு அவசரக்காரன், வாலில் பிடித்துவிட்டுத் திணறும். பெண்ணைப் 'பெட்டை' என்றும் ஆணைப் 'பெடியன்' என்றும் கூப்பிடத் தொடங்கியிருந்தேன். ஆற்று மீனைத் தின்கிற பாம்புகள் இப்படிப் பளபளப்பாக இருக்குமா என்று கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து பெருமைப்படுவேன்.

ஆர்ஜொந்தெய்க்காரி இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்து விசாரிப்பாள். த்ருயித் சாப்பிடுகிறார்களா என்று கேட்பாள். "உய், உய், த்ருயித்" என்று ஆமோதிப்பேன். என் பிரெஞ்சு கடைக்கும் பேப்பர் அலுவல்களுக்கும் போதும், வாதாடப் போதாது. அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், பிரெஞ்சு எனக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்திருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். அவளைத் திருத்துவதைவிட ஏமாற்றுவது சுலபமாக இருந்தது.

கடையில் விஷயம் பரவ ஒரு மாதம் எடுக்கவில்லை. என் பெயர் பாம்பண்ணை ஆயிற்று. "பாம்பண்ணை, மீனிலை விஷம் கிசம் இல்லையே?" என்று முதலாளியே பகிடி விடுவார். நல்ல பக்தியுள்ள சைவ அம்மா ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் ஒரு லீட்டர் பால் வாங்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். "உங்கடை வேதத்திலை பாம்புக்குப் பால் வைக்கிறேல்லை எண்டு தெரியும். எண்டாலும் வையுங்கோ தம்பி," என்பார். பாம்பு பால் குடிக்காது என்று அந்த முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பாலில் நானும் மனைவியும் தேநீர் குடித்தோம்.

டிசம்பர் வந்ததும் குளிர்கால வேலை தொடங்கியது. இந்தப் பாம்புகளுக்கு இரண்டு மூன்று மாதம் குளிரில் அடங்கிக் கிடந்து எழும்பினால்தான் சேருகிற எண்ணம் வரும். எங்கள் கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'காவ்' இருக்கிறது, நிலத்துக்குக் கீழே கதவு போட்ட ஒரு சின்ன அறை. பிரெஞ்சுக்காரர் அதில் வைன் வைப்பார்கள், நாங்கள் அரிசி மூட்டை வைக்கிறோம். தீனியை நிறுத்தி, வயிறு காலியாக இரண்டு கிழமை விட்டு, சூட்டை நாளுக்கு நாள் குறைத்து, மூடிய பெட்டியில் தழை உக்கலும் தண்ணீர்க் கோப்பையும் வைத்து, இரண்டையும் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இறக்கினேன். மனைவி அன்றோடு காவுக்குப் போவதை நிறுத்தினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அரிசி தூக்கி வருவது என் வேலை. நாளுக்கு ஒரு தடவை போய் வெப்பமானியைப் பார்ப்பேன். ஒன்பது பாகை, எட்டுப் பாகை. கொட்டிலுக்குள் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறவனைப் போல ஒரு திருப்தியோடு மேலே ஏறுவேன்.

மாசி முடிவில் மேலே கொண்டுவந்து சூடு காட்டினேன். மூன்றாம் கிழமை பெடியன் பெட்டையின் முதுகு நீளத்துக்குத் தாடையைத் தேய்த்துக்கொண்டு திரிந்தான். ஏப்ரலில் பெட்டையின் உடம்பின் பின்பாதி தடித்தது. விளக்கின் கீழேயே கிடந்தாள். கையில் எடுத்தால் உள்ளே கொத்தமல்லி விதை நிரப்பிய பைபோல மெல்ல நெருடியது. ஆர்ஜொந்தெய்க்காரிக்குப் படம் அனுப்பினேன். சினைதான், முதல் வருடத்திலேயே எடுத்துவிட்டாய் என்று எழுதினாள். நான் அந்தச் செய்தியைக் கடையில் முதலாளிக்கும் மரக்கறிப் பகுதியில் நிற்கிறவருக்கும் காட்டினேன். பாம்பைப் பார்க்க விரும்பாத மனைவிக்கும் கதவுக்கு வெளியே நின்று வாசித்துக் காட்டினேன்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இடுக்கியில் நெத்தலியை நீட்டினேன். பெட்டை தலையைத் தூக்கினாள். மீனைக் கொத்தவில்லை, மீனுக்கு ஒரு சாண் இந்தப்பக்கம் வெறுங்காற்றைக் கொத்தினாள். இன்னொரு தடவை, அதுவும் தவறியது. பிறகு தலை பின்னுக்கு மடிந்து, உடம்பு முறுக்கி, வெள்ளை வயிறு மேலே தெரியப் புரண்டாள். திருப்பி வைத்தேன். மறுபடி புரண்டாள். நான் மீன் வெட்டும்போது ஆயிரம் துடிப்புகளைப் பார்த்தவன். இந்தத் துடிப்பைப் பார்க்க முடியாமல் இடுக்கியைக் கீழே போட்டேன். வயிற்றுக்குள் குட்டிகள் இருக்கின்றன.

ஆர்ஜொந்தெய்க்காரிக்குப் போன் எடுத்திருந்தால் அஞ்சு நிமிடத்தில் காரணம் தெரிந்திருக்கும். இலக்கம் கையில் இருந்தது. எடுக்கவில்லை. முதல் கேள்வியே என்ன தீனி என்றுதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கு உடம்பு சுகமில்லை என்று சொல்லிவிட்டு, பெட்டையைத் தலையணை உறைக்குள் விட்டு முடிந்து, அதைச் சாமான் பைக்குள் வைத்து, ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்கு அங்கால் இருக்கிற மிருக வைத்தியரிடம் நடந்தே போனேன். ஊர்வன பார்க்கிற இளம் பெண் வைத்தியர். பெட்டையை மேசையில் விட்டு இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

அந்த நேரத்திலும் எனக்குப் பெருமைதான் முந்தி வந்தது. மீன்கடையில் வேலை, தரமான கடல் மீன், ஒரு கிழமை இது, மறுகிழமை அது என்று தொடங்கினேன். போனில் நெத்தலிப் பெட்டியின் படத்தையும் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மாதமாக என்று மட்டும் கேட்டார்.

விஷயம் இதுதான். நெத்தலி, சூடை போன்ற சில மீன்களின் பச்சைத் தசையில் ஒரு பொருள் இருக்கிறது. அது உடம்பிலுள்ள வைட்டமின் பி-1ஐத் தின்று தீர்த்துவிடும். உறைய வைத்தாலும் அது சாகாது. நாங்கள் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறபோது சூட்டில் போய்விடுவதால் எங்களுக்கு ஒன்றுமில்லை. பச்சையாக அதையே மாதக்கணக்கில் தின்கிற பாம்புக்கு நரம்பு கெட்டு, வலிப்பு வந்து, சாவு வரும். ஊசி போட்டுவிடலாம், பிறகு ஏழு நாள் வாயில் மருந்து விடவேண்டும், தாய் தப்பக்கூடும், குட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லமுடியாது என்றார். இனி என்ன கொடுப்பது என்று கேட்டேன்.

"த்ருயித்," என்றார்.

திரும்பி வருகிற வழியில் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. மீன் தெரியும் என்று இருபத்திரண்டு வருடம் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றவன், தன் கையாலேயே தெரிந்தெடுத்து, ஈரம் துடைத்து, நஞ்சை ஊட்டியிருக்கிறேன்.

மனைவி வேலையால் வந்து மருந்துப் பெட்டியைப் பார்த்தாள். பெயரை வாசித்தாள்.

"எங்கடை இல்லத்திலை குடிச்சுக் குடிச்சுப் பழுதாப்போனவைக்கு இதைத்தானே குடுக்கிறம்," என்றாள். "உதுக்கு ஏன்?"

சொன்னேன். பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் மருந்துப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"அப்ப அது குடிகாரன் மாதிரி ஆடுறதுக்கு நீங்கள்தான் ஊத்திக் குடுத்தனீங்கள்."

"ஓம்," என்றேன்.

சனிக்கிழமை காலை நான் தனியாக மருந்து விடப் பார்த்தேன். ஊசியில்லாத சிறிஞ்சை வைத்து வாயோரத்தைத் திறக்கவேண்டும். என் விரல்கள் தடித்தவை, மீனின் செவுளைப் பிளந்து பழகியவை. அழுத்தினால் தாடை உடைந்துவிடும் என்று பயம், விட்டால் பெட்டை முறுக்கிக்கொள்வாள். மருந்து என் மணிக்கட்டால் ஓடியது, நாற்றம் அறை முழுக்க அடித்தது. மூன்றாம் முறையும் தவறவிட்டு, என்னை அறியாமல் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். கதவு திறந்தது. மனைவி வேலைக்குக் கொண்டு போகிற கையுறைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பத்து மாதத்தில் முதல்தடவை.

"விலகுங்கோ."

"நீர் பயப்பிடுவீர்," என்றேன்.

"பயம்தான். நீங்கள் வாலைப் பிடியுங்கோ. இறுக்கிப் பிடிக்காதேங்கோ. தாங்கிப் பிடியுங்கோ."

அவள் பெட்டையின் தலைக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து, பெருவிரலால் தாடையின் ஓரத்தை மெல்ல நீவினாள். வாய் கொஞ்சம் திறந்தது. சிறிஞ்சை அந்த இடுக்கில் வைத்து, ஒரு துளி விட்டு, விழுங்கும்வரை பொறுத்து, அடுத்த துளி விட்டாள். குளிசை வேண்டாம் என்று வாயை இறுக்குகிற கிழவர்களிடம் முப்பது வருடமாக அவள் செய்கிற வேலை அது. முடிந்ததும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நெற்றியில், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எங்கடை இல்லத்திலை ஒருத்தர் கடிக்கிறவர்," என்றாள். "இது கடிக்கேல்லை."

ஏழு நாளும் அவள்தான் மருந்து விட்டாள். பெடியனுக்கு வலிப்பு வரவில்லை, தீனியை மட்டும் மாற்றினேன். நாலாம் நாள் பெட்டை புரளுவதை நிறுத்தினாள். ஆறாம் நாள் நான் த்ருயித் துண்டொன்றை நீட்டினேன். தலை நேராக வந்து, மீனைச் சரியாகப் பிடித்தது. நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் கலங்கியதை அவள் காணாதது நல்லதாகப் போயிற்று.

த்ருயித் எங்கள் கடையில் இல்லை. சந்தையில் பிரெஞ்சு மீன்காரனிடம் வரிசையில் நின்று வாங்கவேண்டும். அங்கே என் வாடிக்கைக்காரப் பெண்கள் இரண்டு பேர் என்னைக் கண்டுவிட்டார்கள். "என்ன அண்ணை, நீங்களோ ஆத்து மீன் வாங்கிறியள்?" என்றார் ஒருவர். "ஓம். நல்ல மீன்," என்றேன். நான் அறிவு கெட்டுப் போய்விட்டேன் என்று அன்று பின்னேரமே ரூ காயில் கதை.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு, மனைவி கோயிலுக்குச் சேலை கட்டி வெளிக்கிட்டு நின்ற நேரம், பெட்டை பெட்டியின் மூலையில் உடம்பை நீட்டி வாலைத் தூக்கினாள். மெல்லிய தோல்பைக்குள் சுருண்ட ஒன்று வெளியே வந்தது. பை கிழிந்தது. பென்சில் நீளத்தில் ஒரு பாம்பு, மூன்று கோடும் முழுசாக வரைந்தபடி, நாக்கை நீட்டி எங்களைப் பார்த்தது. மனைவியைக் கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. அவள் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள்.

"எத்தினை?" என்றாள்.

"பொறும்."

இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவளுடைய பூசை போயிற்று. பத்தொன்பது வந்தன. பதினேழு அசைந்தன. இரண்டு அசையவில்லை. நான் அவற்றின் பையை நீக்கி, ஈரத் துணியால் துடைத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டினேன். அவற்றுக்கும் மூன்று கோடுகள் இருந்தன. ஒன்றிலும் குறை இல்லை, உயிர் மட்டும் இல்லை. மனைவி இரண்டையும் வாங்கி வெள்ளைக் கடதாசியில் சுற்றினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பதினேழையும் வளர்த்தெடுத்ததை நான் சொல்லாமல் விடமாட்டேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை இருக்கிறது. அந்த வாய்க்குள் போகிற அளவில் த்ருயித்தை வெட்டவேண்டும், அரிசிமணிப் பருமன். மண்புழுவைச் சிறுசாக நறுக்கி அதோடு பிசையவேண்டும். என் கத்தி அதைவிட நுணுக்கமான வேலையைச் செய்ததில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பையில் விட்டு, எது தின்றது, எது தின்னவில்லை என்று கண்ணாலேயே கணக்கு வைத்தோம். முரண்டு பிடித்த மூன்றை மனைவி பொறுப்பெடுத்தாள். மூன்றாம் கிழமை பதினேழும் தின்றன. முதல் பிரசவத்தில் இப்படி ஒன்றுகூடத் தவறாமல் தீனியில் பிடிப்பது லேசான காரியம் அல்ல. பாம்பு வளர்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

ஆறு கிழமை ஆனபோது ஆர்ஜொந்தெய்க்காரி குட்டிகளைப் பார்க்க வருகிறேன் என்றாள். குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்பதும் அவள் கையில்தான் இருந்தது. பாம்பு வளர்க்கிறவர்கள் வட்டத்தில் அவள் நல்லது என்றால் நல்லது, வேண்டாம் என்றால் யாரும் தொடமாட்டார்கள். அவள் வருகிற ஞாயிறு காலை நான் சேர்ட்டை மூன்று தடவை மாற்றினேன்.

"நீங்கள் சொல்லப்போறியளோ, நான் சொல்லவோ?" என்றாள் மனைவி. அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது.

"நான் சொல்லுறன்."

ஆர்ஜொந்தெய்க்காரி வந்தாள். பெட்டிக்கு முன்னால் குனியமுன்னரே நான் தொடங்கிவிட்டேன். நெத்தலி, சூடை, வலிப்பு, ஊசி, செத்துப் பிறந்த இரண்டு. த்ருயித் த்ருயித் என்று போனில் சொன்னதெல்லாம் பொய். சொல்லு வராத இடங்களில் மனைவி எடுத்துக் கொடுத்தாள், எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் சேர்க்காமல்.

ஆர்ஜொந்தெய்க்காரிக்குக் கோபம் வந்தது. சும்மா வருத்தம் அல்ல, கோபம். பத்து மாதம் என்னிடம் பொய் சொன்னாய், நான் எழுதித் தந்தேன், ஒரு போன் எடுத்திருந்தால் அந்த இரண்டும் இருந்திருக்கும் என்றாள். அவள் குரல் உயர்ந்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பைகளைத் திறந்தாள். ஒவ்வொரு குட்டியாக எடுத்து, விரல்களுக்கிடையில் ஓடவிட்டு, முதுகெலும்பை நீவி, திருப்பி வயிற்றைப் பார்த்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பதினேழையும் அப்படிப் பார்த்தாள். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கோபம் தணியாத அதே முகத்தோடு, மூன்று பெண் குட்டிகளைத் தனியாக எடுத்து வைத்தாள். இவற்றை யாருக்கும் கொடுக்காதே, எனக்கு வேண்டும், என் கீழறையில் இப்படித் திடமான குட்டிகள் இந்த வருடம் பிறக்கவில்லை என்றாள்.

எனக்கு விளங்கச் சில விநாடிகள் பிடித்தன. மனைவிக்கு உடனே விளங்கியது. சாவகாசமாகக் குசினிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள், ஆனால் போகும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டினாள்.

ஆர்ஜொந்தெய்க்காரி மூன்று சின்னப் பெட்டிகளை எடுத்தாள். தன்னிடம் இருக்கிற ஒவ்வொரு பாம்பின் பெட்டியிலும், பிறந்த இடமும் குட்டி எடுத்தவர் பெயரும் எழுதியிருக்கவேண்டும் என்பது அவள் வழக்கம். மூடியில் கறுப்புப் பேனையால் முதலில் எழுதினாள். பாரிஸ், லா ஷப்பல். பிறகு தலையை நிமிர்த்தாமல், பெயர் என்று கேட்டாள்.

என் குடும்பப் பெயர் நீளம். இந்த நாட்டில் எந்த விண்ணப்பத்தின் கட்டங்களிலும் அது கொள்ளாது. வதிவிட அட்டையில் நாலு எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது, சம்பளத் துண்டில் ஆறு. கேட்கிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே பாதியில் நிறுத்திவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. அன்றைக்கும் பாதியில் நிறுத்தினேன். அவள் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழுப்பெயர், என்றாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மூடியில் இடம் முடிந்தது. அவள் பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் தொடர்ந்து எழுதினாள். மூன்று பெட்டிகளிலும், கடைசி எழுத்துவரை.